பொரியில் போன தோட்டா

திருமுல்லைவாயிலில் ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் தாட்சாயிணி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கன்மேன் வீடு என்றால் உடனே கை காட்டிவிடுவார்கள். அவள் புருஷன் ஜம்புலிங்கம் பாடியில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் மிஷின் ஓட்டியவர். கம்பெனியை மூடிய பிறகு ஆறு மாதம் வீட்டில் படுத்துக்கொண்டு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால் பேங்க் வண்டியில் காவலுக்குப் போகலாம் என்று கூட்டாளி வீரராகவன் வந்து சொன்ன அன்றுதான் எழுந்து சட்டை மாட்டினார்.

லைசென்ஸ் கைக்கு வர இரண்டு வருஷம் அலைய வேண்டியிருந்தது. துப்பாக்கி நூம்பலில் ஒரு பழைய விவசாயக் குடும்பத்தில் கிடைத்தது. ஒற்றைக் குழல், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. சுட்டதும் நடுவில் மடக்கி, காலித் தோட்டாவை உருவிவிட்டு அடுத்ததைச் செருக வேண்டும். குழலின் வாய் தாட்சாயிணியின் கட்டைவிரல் நுழையும் அகலம். அந்த வீட்டுப் பெரியவர் வயல்வெளி இருந்த காலத்தில் அதை வைத்துப் பன்றி அடித்தவராம். கடைத் தோட்டா வாங்க மாட்டாராம். சுட்ட தோட்டாவை எடுத்து வந்து வெடிமருந்தும் ஈய ரவையும் போட்டு அவரே கையால் கெட்டித்து வைத்துக்கொள்வாராம். அதற்கான சாமானெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. மரக்குச்சி, சின்ன இரும்பு அச்சு, வட்டமாக வெட்டிய கம்பளித் துண்டுகள், பித்தளை அளவுக் குப்பி, நாலைந்து காலித் தோட்டாக்கள். "எங்க நைனாவுக்கு அப்புறம் இத்த யாரும் தொடல. நீயே எத்துக்கினு போ அண்ணாத்தே" என்று பெரியவரின் மகன் டின்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

தோட்டா வாங்கப் போன கடையில் ஜம்புலிங்கம் அந்த டின் விஷயத்தைப் பெருமையாகச் சொல்ல, கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டாராம். கையால் நிரப்பும் வேலையெல்லாம் இன்றைக்கு ஆகாது, பெட்டித் தோட்டாதான், அதையும் லைசென்ஸ் புத்தகத்தில் ஏற்றித்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். பத்துத் தோட்டா ஏற்றிக் கொடுத்தார். டின் பரணுக்குப் போனது. அளவுக் குப்பியை மட்டும் தாட்சாயிணி எடுத்து, மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்து, காபித்தூள் அளக்க வைத்துக்கொண்டாள். ஒரு குப்பி தூளுக்கு இரண்டு டம்ளர் டிகாக்ஷன் கணக்காக இறங்கும்.

பதினோரு வருஷமாக ஜம்புலிங்கம் அந்தத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் போய் வருகிறார். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. சுடாமல் இருப்பதுதான் வேலையே என்பார். லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வந்தால் மட்டும் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். புத்தகத்தில் பத்து என்றால் கையில் பத்து இருக்க வேண்டும்.

இந்த வருஷம் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை ஆயுத பூஜை.

பூஜையில் துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பலகையில் சாத்துவது வழக்கம். தோட்டாக்களை வெறும் தட்டில் பரப்பி வைப்பார்கள். இந்தத் தடவை தாட்சாயிணிக்கு ஓர் ஆசை. முறத்தில் பொரியைக் குவித்து, அதில் பத்துத் தோட்டாவையும் அடி மேலே தெரிய வட்டமாகக் குத்தி நிறுத்தி, ஒன்றுக்குக் குங்குமமும் தொட்டு வைத்தாள். சிவப்பு உடம்பும் பித்தளை அடியுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஜம்புலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போதே காவல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வண்டியைக் கழுவிப் பூஜை போடுகிறோம், வா என்றார்கள். தோட்டாவைப் பெல்ட்டில் போட்டு வை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்தப் பெல்ட்டில் இருபது வளையம். அவள் கையில் அகப்பட்டதையெல்லாம் செருகி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிறகு பொரியில் கடலையும் வெல்லமும் கலந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஏழு காகிதப் பையில் போட்டு, மடித்து, நூல் கட்டி, தெருவில் ஏழு வீட்டுக்கும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வீரராகவன் காவல் வேலை யூனிபார்மோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதும் ஜம்புலிங்கம் பெல்ட்டை எடுத்தார். ஒன்பது இருந்தது. பீரோவைக் கலைத்தார். சாமி அலமாரியை நகர்த்தினார். முறத்தைத் தட்டினார். ஒன்பதுதான்.

தாட்சாயிணிக்குப் பொரி அள்ளிய இரண்டு கையும் ஞாபகத்துக்கு வந்தது. பொரியோடு ஒன்று பைக்குள் போயிருக்கும் என்று சொன்னாள்.

அவர் கத்தவில்லை. "தோட்டா காணலன்னா லைசென்ஸ் போச்சு தாட்சா. லைசென்ஸ் போச்சுன்னா வேலை போச்சு" என்று மட்டும் சொன்னார். பழையபடி அந்த மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அது அவளுக்குக் கத்தலைவிட மோசமாக இருந்தது.

ஏழு வீட்டுக்கும் போய், உங்கள் பொரியில் துப்பாக்கித் தோட்டா இருந்ததா என்று கேட்க முடியுமா? கேட்டால் சாயந்தரத்துக்குள் ஆவடி வரை பரவிவிடும். பொரியில் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறது, சாப்பிடாதீர்கள், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதாக முடிவு செய்துகொண்டு கிளம்பினாள். முதல் வீட்டு வசந்தா சிரித்தாள். "இன்னாக்கா நீ, அன்னிக்கே துன்னு முடிச்சாச்சு. ஒரு வாசனையும் இல்ல. இன்னும் கீதா?" என்று பாத்திரத்தை நீட்டினாள். இரண்டு வீட்டில் பையைப் பிரிக்கவே இல்லை. வாங்கிப் பிரித்துப் பார்த்தாள், பொரிதான். இன்னொரு வீட்டில் மாட்டுக்கு வைத்துவிட்டார்களாம். மாடு நன்றாக இருக்கிறதா என்று அவள் இரண்டு தடவை கேட்டதற்கு அந்த வீட்டுக்காரி ஒரு மாதிரி பார்த்தாள். ஆறு வீடு முடிந்தபோது மணி பன்னிரண்டு. தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தாள்.

பரணிலிருந்த பிஸ்கட் டின் கீழே இறங்கியிருந்தது. ஜம்புலிங்கம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பெரியவர் விட்டுப்போன காலித் தோட்டாக்களில் சிவப்பாக இருந்த ஒன்றை எடுத்து, அதில் கேழ்வரகைப் போட்டு மரக்குச்சியால் கெட்டித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் நல்ல தோட்டா, மறுகையில் கேழ்வரகுத் தோட்டா. மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார்.

"இத்தயா காட்டப் போற?"

"வெயிட்டு சரியா கீது."

அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பித்தளை அடியில் நடுவிலிருந்த பொட்டில் ஊசி குத்திய பள்ளம் இருந்தது. ஒரு தடவை சுட்ட தோட்டா என்பதற்கு அது அடையாளம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். "ஏட்டு முதல்ல இந்த இடத்ததான் பாப்பாரு. காணாமப் போச்சுன்னா கவனக்குறைவு. இது திருட்டு" என்றாள். அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

ஏழாவது வீடு ஜரினாவுடையது. அவள் புருஷன் ஷேக் தாவூத் பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர், பகலில் வீட்டில் இருக்க மாட்டார். பட்டப்பகலில் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டியதும் ஜன்னல் திரை விலகி மூடியது. கதவு பாதி திறந்து, ஜரினாவின் கை தாட்சாயிணியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

மண்ணெண்ணெய்க் கதையை அவள் ஆரம்பிக்கவே இல்லை. ஜரினா நேரே அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, பழைய துப்பட்டாவில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். அதற்குள் தோட்டா. அடியில் குங்குமம் ஒட்டியிருந்தது.

தாட்சாயிணி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். ஜரினாவும் எதிரே உட்கார்ந்தாள். முந்தின நாள் ராத்திரிதான் பையைப் பிரித்தாளாம். மகள் மர்வா ஏதோ லிப்ஸ்டிக் என்று எடுத்தாளாம். காலையில் கொண்டுவந்து கொடுக்க தாட்சாயிணி வீட்டுக் கேட் வரை வந்தாளாம், உள்ளே காக்கிச் சட்டை தெரிந்ததும் திரும்பிவிட்டாளாம்.

"அது வீரராகவன் அண்ணன்டி. போலீசு இல்ல."

"எனக்கு இன்னாக்கா தெரியும்? காக்கின்னா காக்கிதான்." ஜரினா குரலைத் தணித்தாள். "உங்க ஊட்ல இது தொலஞ்சா தொலஞ்சதுன்னு சொல்வாங்க. எங்க ஊட்ல இது கெடச்சா இன்னா சொல்வாங்கன்னு யோசிச்சியா? அவருகிட்ட கூடச் சொல்லல. ராத்திரி பூரா அந்த டிரம்மையே பாத்துகினு குந்தினு இருந்தேன்."

தாட்சாயிணி யோசித்திருக்கவில்லை. ஏழு வீட்டில் ஒரு வீடு என்றுதான் அந்தப் பையைக் கட்டியிருந்தாள். தப்பு என்னுடையதுதான் என்றாள். அதற்கு ஜரினா, எங்கே கிடைத்தது என்று யாரிடமும் சொல்லாதே, அது போதும் என்றாள். பிறகு இருவரும் தேநீர் குடித்தார்கள். டம்ளரைப் பிடித்திருக்கும்போதே ஜரினாவுக்குக் கண் செருகியது. தூங்கு என்று சொல்லிவிட்டு, தோட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு தாட்சாயிணி தெருவில் இறங்கினாள். வெயில் அப்படி அடித்தும் அவளுக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தோட்டாவை நீட்டியதும் ஜம்புலிங்கம் அதை வாங்கவில்லை, பிடுங்கினார். அடியைத் திருப்பிப் பார்த்தார். பள்ளம் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கே இருந்தது என்று கேட்டார்.

"பொரி வாங்கின கோணி மடிப்புல."

"கோணியிலயா? காலையிலேந்து என்னைக் கொல்ற, கோணிய உதறிப் பாக்கத் தெரியாது உனக்கு? கண்ணு எங்க வெச்சிருக்க? உன்னை நம்பி ஒரு சாமான் குடுக்க முடியுதா?" என்று பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. தாட்சாயிணி கேழ்வரகுத் தோட்டாவைக் குப்பைக் கூடைக்கு மேல் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் ஏட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எண்ணினாராம். கடைசித் தோட்டாவில் குங்குமத்தைப் பார்த்து, "இதுக்கும் பூஜையா? தேங்கா ஒடச்சியா இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஜம்புலிங்கம் இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

அவர் குளிக்கப் போனதும் தாட்சாயிணி வாசலுக்கு வந்தாள். எதிர்ச்சாரியில் ஜரினா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தாட்சாயிணி தலையை மட்டும் அசைத்தாள். ஜரினா கையிலிருந்த துணியைக் கொடியில் அப்படியே தொங்க விட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தபடி நின்றாள்.