வயலினைக் காணோம்

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ரமாபாயைத் தேடி வருகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. ‘ரேடியோக்கா வூடு எது?’ என்றால் போதும், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவர்கள் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். தரைத்தளத்தில் முன்னறை. ஜன்னலோரமாக ஒரு மேசை. மேசைமேல் சால்டரிங் கம்பி, ஈயச் சுருள், வாய் திறந்து கிடக்கும் ஏதாவது ஒரு ரேடியோ.

அம்பத்தூரில் ஒரு ரேடியோ கம்பெனியில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே அவளுக்குக் கொடுத்திருந்தது ஒரே வேலைதான். வரிசையில் நகர்ந்து வரும் பலகையில் ஏழு இடங்களில் ஈயம் வைக்க வேண்டும். அந்த ஏழு புள்ளிகள் எதற்கென்று யாரும் சொல்லித் தரவில்லை. கம்பெனி மூடிய பிறகு, பழைய ரேடியோக்களை வீட்டில் பிரித்துப் பிரித்து அவளே தெரிந்துகொண்டாள். புருஷன் அசோகனுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. மனைவியின் கைத்திறமையில் அவனுக்குப் பெருமை உண்டு. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டிவி என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருப்பான்.

அப்படி அசோகன் சொல்லி வந்தவர்தான் தேவப்பிரியம். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்று ராயபுரத்தில் இருப்பவர். 2001 ஜூலையில் ஒரு நாள் ஆட்டோ நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினார். மரப்பெட்டிக்குள் ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இரண்டு ரெக்கார்டு பிளேயர்கள், ஒரு ஸ்பீக்கர்.

“இன்னொரு ஸ்பீக்கரும் வூட்ல கீதும்மா. தூக்க முடியல. டெஸ்ட் பண்ண ஒண்ணு போதுமில்ல?” என்றார்.

“போதும் சார். வச்சிட்டுப் போங்க” என்றாள் ரமாபாய்.

விஷயம் இதுதான். அவருடைய பழைய பிளேயரில் இருந்தது கிறிஸ்டல் முள். அதற்கு மாற்று முள் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. அதனால் மூர் மார்க்கெட்டில் ஒரு வெளிநாட்டு பிளேயர் வாங்கினார். அதில் இருந்ததோ காந்த முள். இரண்டும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஓட வேண்டும். செப்டம்பரில் மாதா கோயில் திருவிழா. அவர்கள் கோயில் பாடகர் குழு 1971இல் வெளியிட்ட ரெக்கார்டை அன்றைக்கு ஒலிபரப்புவதாகப் பங்குச் சாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். உறையில் ‘இருதயம்மாள் குழுவினர்’ என்று அச்சிட்டிருந்தது. தேவப்பிரியம் அந்தக் கோயில் வட்டாரத்துக்குக் குடிவந்தது 1974இல். வந்த வருஷமே வாங்கிய ரெக்கார்டு அது.

முதல் நாள் வேலை ரமாபாய்க்குப் பிடிபட்டது. கிறிஸ்டல் முள் சத்தத்தை வாரிக் கொடுக்கிறது. காந்த முள் கொடுப்பதோ துளியூண்டு. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இரண்டு வகை ஓட்டைகள் இருந்தன. ஒன்று துளிச் சத்தத்தைப் பல மடங்கு பெருக்கும், இன்னொன்று வந்ததை வந்தபடி வாங்கிக்கொள்ளும். மாற்றிச் செருகினால் கிறிஸ்டல் கப்பல் சங்கு மாதிரி அலறியது, காந்த முள் கொசு மாதிரி ரீங்கரித்தது. சரியாகச் செருகியும் கிறிஸ்டலில் அடித்தொனி வற்றிப்போயிருந்தது. ஒயர் நடுவில் பெரிய ரெசிஸ்டர் ஒன்றை வைத்ததும் ஆர்மோனியம் ஆர்மோனியமாக ஒலித்தது. அன்றைக்கு அவள் திருப்தியோடு சோறு தின்றாள்.

மறுநாள்தான் குழப்பம் ஆரம்பித்தது.

ஒரே பாட்டு. கிறிஸ்டலில் ஆர்மோனியமும் வயலினும் சேர்ந்து வந்தன. பாடும் குரல் கனமாக இருந்தது, கொஞ்சம் மங்கல். காந்த முள்ளில் ஆர்மோனியம் பளிச்சென்று கேட்டது. குரல் இளசாக, மெல்லியதாக, வேறு யாரோ பாடுவது போல இருந்தது. வயலினைக் காணோம். காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தால் எங்கோ அடுத்த தெருவில் வாசிப்பது போல ஒரு கீறல், அவ்வளவுதான்.

எந்தப் பார்ட் வயலினைத் தின்கிறது? உள்ளே இருந்த கெபாசிட்டர்களை மாற்றினாள். குரல் கொஞ்சம் தடித்தது, வயலின் வரவில்லை. ரெசிஸ்டரைக் குறைத்தாள். கீச்சென்று ஆனது, வயலின் வரவில்லை. காந்த முள்ளே கோளாறோ என்று வேறு ரெக்கார்டைப் போட்டுப் பார்த்தாள். அதில் வயலின் தாராளமாக வந்தது, மிருதங்கம்தான் இல்லை. அவளுக்குத் தலை சுற்றியது.

“முள்ளுக்கு முள்ளு ஆளு மாறுமாய்யா?” என்று அசோகனைக் கேட்டாள்.

“என்னாண்ட கேட்டா? கிரேன்ல கோளாறுன்னா சொல்லுவேன்” என்றான் அவன்.

தேவப்பிரியம் வந்து கேட்டார். கிறிஸ்டலைக் கேட்டுத் தலையாட்டினார். காந்த முள்ளைக் கேட்டதும் முகம் சுருங்கியது. “இது இருதயம்மா இல்ல. இருபத்தேழு வருஷமா கேக்குறேன், எனக்குத் தெரியாதா? நீ எங்கியோ மாத்திக் குடுத்துட்டம்மா.”

“மிசின்ல ஆள மாத்த முடியுமா சார்? புது முள்ளுலதான் சுத்தமா கேக்குது. இதுதான் நிஜக் கொரலோ இன்னாவோ.”

யார் சொல்வது சரி? பாடினவரையே கேட்டுவிடலாம் என்று முடிவானது. இருதயம்மாள் காசிமேட்டில்தான் இருந்தார். மீன் ஏலம் கூவிக் கூவி, தொண்டை கரகரத்துப்போன ஐம்பத்திரண்டு வயது மனுஷி. ஏலம் முடிந்து ஒரு நாள் காலை தேவப்பிரியத்தோடு வந்தார். ரெக்கார்டு வெளியான அன்று கோயில் கோபுரத்து ஹாரன் ஸ்பீக்கரில், கூட்டத்தின் இரைச்சலில் ஒரே ஒரு தடவை கேட்டதோடு சரி. அதற்கப்புறம் கேட்டதே இல்லை என்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

ரமாபாய் காந்த முள்ளைத்தான் முதலில் வைத்தாள். இரண்டு வரி ஓடுவதற்குள் இருதயம்மாள் எழுந்துவிட்டார்.

“இது நான் இல்ல.”

“இன்னாம்மா, அட்டைல உன் பேரு போட்டுகீது” என்றார் தேவப்பிரியம்.

“பேரு என்னுது. கொரலு ஞானசெல்வியோடது. என் பக்கத்துல நின்னு பாடனவ அண்ணே. எனக்கு அடையாளம் தெரியாதா?”

அப்படி ஒருத்தி பாடினாள் என்பதே தேவப்பிரியத்துக்கு அன்றுதான் தெரியும். ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் அந்தப் பெயர் அடங்கிப்போயிருந்தது. ரமாபாய் அவசரமாகக் கிறிஸ்டல் முள்ளை வைத்தாள். இருதயம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தேய்ந்த முள்ளில் எல்லாம் கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது.

“இதுலயும் அவ கொரலுதான் கேக்குது. நான் எங்க கீறன்னே தெரில.” அவர் ரெக்கார்டு உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “அப்பவே பாட்டு வாத்தியாருக்கு அவ கொரலுதான் புடிக்கும். என்ன எடுத்துட்டு அவள வச்சிட்டானுங்களா? இத்தினி வருசம் நான் பாடனேன் பாடனேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனே!”

டீ வந்தது. குடிக்காமலே போய்விட்டார். தேவப்பிரியமும் பின்னாலேயே போனார்.

ரமாபாய்க்கு அந்த வாரம் வேறு வேலை ஓடவில்லை. அந்த அம்மாளை ரெக்கார்டிலிருந்து எடுத்தது யார்? அந்தக் காலத்துப் பாட்டு வாத்தியாரா, இல்லை தன் கையா? எழுபத்தொன்றில் பதிந்த பாட்டிலிருந்து இரண்டாயிரத்தொன்றில் ஒரு ஆளைச் சால்டரிங் கம்பியால் அழிக்க முடியாது என்று புத்திக்குத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. மாற்றிய கெபாசிட்டர்களையெல்லாம் கழற்றிப் பழையபடியே வைத்தாள். அப்போதும் ஞானசெல்விதான் பாடினாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஒயர்களைத் துடைப்பதற்காகக் காந்த முள் பிளேயரின் இரண்டு பின்களையும் உருவினாள். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. துடைத்துத் திரும்பச் செருகி ரெக்கார்டை ஓடவிட்டுவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது.

வயலின் கேட்டது.

ஓடி வந்தாள். வயலின் கணீரென்று ஒலித்தது. ஆர்மோனியத்தைக் காணோம். பாடுகிற குரலும் மாறியிருந்தது. தடித்த, அழுத்தமான, இதுவரை அவள் தனியாகக் கேட்டிராத குரல். ஈரக் கையோடு நின்றாள். பேய் பிசாசில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ரெக்கார்டைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடப் பயந்தாள்.

பிறகு ஆம்ப்ளிஃபயரின் முதுகை எட்டிப் பார்த்தாள். வெள்ளை இருந்த இடத்தில் சிவப்பு, சிவப்பின் இடத்தில் வெள்ளை. மாற்றிச் செருகினாள்: ஞானசெல்வி. திரும்ப மாற்றினாள்: மற்றவள். ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பாட்டு இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு பாதி இடது ஸ்பீக்கருக்கு, மறு பாதி வலது ஸ்பீக்கருக்கு. அவள் மேசையில் இருந்ததோ ஒரே ஸ்பீக்கர். காந்த முள் இரண்டையும் பிரித்துக் கொடுத்தது, பழைய கிறிஸ்டல் முள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுத்தது. அம்பத்தூர் கம்பெனியில் அவள் கைபட்ட ரேடியோ எல்லாமே ஒற்றை ஸ்பீக்கர்தான். ஸ்டீரியோ என்ற வார்த்தையை அவள் ஆயிரம் தடவை படித்திருந்தாள். அதற்கு இதுதான் அர்த்தம் என்று யாரும் சொன்னதில்லை.

உலை நீர் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் அதையும் விட்டுவிட்டுக் காசிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

இருதயம்மாள் முதலில் வரமாட்டேன் என்றார். “போதும் கண்ணு, ஒரு தபா பட்டது போதும்.”

“நீங்களும் அதுல கீறீங்கம்மா. நான்தான் பாதிய மட்டும் போட்டுட்டேன். தப்பு என்னுது. ஒரே ஒருக்கா வந்து கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவப்பிரியம் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். சுவரின் இரண்டு மூலையிலும் இரண்டு ஸ்பீக்கர்கள். ரமாபாய் முள்ளை வைத்தாள். இடது மூலையில் ஞானசெல்வியும் ஆர்மோனியமும். வலது மூலையில் வயலினும் இன்னொரு குரலும். தேவப்பிரியம் வாய் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். இருபத்தேழு வருஷமாக ஒருத்தி என்று அவர் நினைத்திருந்த குரல், அவர் கண்முன்னால் இரண்டு பெண்களாகப் பிரிந்து நின்றது.

இருதயம்மாள் வலது ஸ்பீக்கருக்கு அருகே போய்க் குனிந்தார். நிமிர்ந்தார். திரும்பக் குனிந்தார்.

“இதுவா நானு?” என்றார் ரமாபாயைப் பார்த்து.

இருதயம்மாளின் அந்தக் காலத்துக் குரலை ரமாபாய் மட்டும் எங்கே கேட்டிருக்கிறாள்? இதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால்? இன்னும் மூன்றாவதாக ஒருத்தி எங்கே ஒளிந்திருப்பாள்?

பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்தது. ஒரு நீண்ட இழுப்பில் வலது பக்கத்துக் குரல் மூச்சு முட்டி, கடைசி எழுத்தை விழுங்கியது. இருதயம்மாள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

“நான்தான். அன்னிக்கு மூச்சு பத்தல. மறுபடி பாட்றேன்னு கெஞ்சனேன். நேரம் ஆயிப்போச்சு, போதும்னுட்டானுங்க.”

திருவிழாவன்று கோபுரத்தில் கட்டியிருந்தது ஒரே ஒரு ஹாரன். அதனால் கிறிஸ்டல் முள்தான் பாடியது. பாடியவர்கள் இருதயம்மாள், ஞானசெல்வி என்று தேவப்பிரியம் மைக்கில் இரண்டு பெயரையும் சொன்னார். ஞானசெல்வி கல்யாணமாகி அந்தமான் போனவள். போனதிலிருந்து அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் ஒரு ஸ்பீக்கர் அடங்கிவிடும். இருதயம்மாள் ஏலம் முடிந்து சில நாள் தேவப்பிரியம் வீட்டுக்கு வருவார், அந்தத் திருகைத் தானே இடது பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு பாட்டு முழுவதும் கேட்பார். வேறொரு வேலையாகப் போன ரமாபாய் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “உங்க பக்கம் அந்தாண்டம்மா. இது அவங்களுது.”

“தெரியும் கண்ணு. என் கொரல கேட்டா யாரோ பாடற மாதிரி கீது. அவ கொரல மட்டும் கேட்டா, பக்கத்துல நான் நிக்கிற மாதிரி கீது.”

ரமாபாய் தலையாட்டினாள். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ஷேர் ஆட்டோவில் புளியந்தோப்பு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் யாரோ மிக்ஸியோடு காத்துக்கொண்டிருந்தார்கள்.