மாமன் மடி கடலுக்கு அப்பால்

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மலையிலிருந்து வாழைத்தாரும் பலாப்பழமும் சுமந்து இறங்குகிறவர்களுக்கு வெங்கிடுசாமி வாத்தியாரின் வீடு நன்றாகத் தெரியும். பாரத்தை இறக்கி வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு போகிற இடம் அது. தண்ணீர் கொடுக்கிற வாத்தியாரம்மா பழனாயி அவர்களைச் சும்மா போகவிட மாட்டாள். மேலே மழை உண்டா என்பாள். சாமை விதைத்தாயிற்றா என்பாள். அப்புறம், சொம்பைத் திரும்ப வாங்கும்போது, ஏதோ அப்போதுதான் நினைவு வந்ததுபோல, "உங்க பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் எப்ப லீவு விடறதா இருக்கீங்க?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காகத்தான் முன்னால் போன இரண்டும் என்பது மலைமேல் குண்டூர் நாட்டிலிருந்து வருகிற கண்ணாயிக்கு மட்டும் தெரியும்.

பழனாயி பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில். தாய் தகப்பன் அந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் கருப்பண்ணன்தான் தங்கையைக் கப்பலேற்றிக் கூட்டிவந்து, தூரத்துச் சொந்தமான வெங்கிடுசாமிக்குக் கட்டிக்கொடுத்தான். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டே, "பிள்ளை பொறந்தா சொல்லியனுப்பு. காது குத்த என் மடி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மடி வரவில்லை. அங்கே குடியுரிமைச் சட்டம் மாறியது. நாட்டை விட்டு ஒருமுறை வெளியேறினால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையில் இறங்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. அவன் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று பழனாயி முடிவு செய்தாள். மகள் அம்சவேணிக்கு ஒரு வயதாகும்போது எடுத்த முடிவு. இப்போது அம்சவேணிக்கு ஒன்பது வயது, தம்பி அர்த்தனாரிக்கு ஆறு. இரண்டு பேர் காதும் பிறந்தபடியே இருந்தது.

"மூளிக்காதி" என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். அம்சவேணி தலையைப் பின்னாமல் காதை மூடித் தொங்கவிட்டுக்கொண்டு போவாள். வாத்தியாரின் அக்கா பாப்பாயி, பழனாயிக்கு நங்கையாள், வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த முடியை ஒதுக்கிப் பார்ப்பாள்.

"ஏம் புள்ளே, தாய்மாமன் ஒருத்தன் வரலீன்னா வேற மடியே இல்லையா? பங்காளி முறையில ஒருத்தனைப் பிடிச்சு உக்கார வெச்சு, ஆசாரியக் கூப்பிட்டா வேலை முடிஞ்சுது. இவ வயசுக்கு வர்ற வரைக்கும் இப்பிடியே வெச்சுக்கிட்டு இருப்பியா?"

"மாமன் இருக்கறப்ப இன்னொருத்தர் மடியில வெச்சா, மாமன் இல்லைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமுங்க" என்பாள் பழனாயி. அதற்கு மேல் பேச மாட்டாள்.

பேசாமல் அவள் செய்ததெல்லாம் திட்டம் போடுவதுதான். பொங்கல் கழிந்ததும் ஜவுளிக்கடைக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு சித்திரையில் தொடங்கி வைகாசி முடிய. அண்ணன் பிள்ளைகளுக்கு அங்கே வருஷப் பிறப்பை ஒட்டி லீவு. அது இங்கே லீவு விடுவதற்கு முன்பே முடிந்து தொலைக்கும். அதையாவது விட்டுக்கொடுக்கலாம், மாமன் இருந்தால் போதும். ஆனால் வாத்தியார்?

வெங்கிடுசாமி மலைமேல் ஒற்றை வாத்தியார். திங்களன்று விடியலில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கோடையில் லீவு கிடையாது. மலையில் வெயில் ஏது? அவர்களுக்கு வேண்டியது ஐப்பசியில், சாமைக் கதிர் பால்பிடிக்கிற நாளில். பிள்ளைகள் பரண்மேல் நின்று கூவி விரட்டாவிட்டால் விளைச்சல் குருவிக்குப் போய்விடும். ஆகவே மலைப்பிள்ளைகளுக்கு லீவு விடும்போது வாத்தியாரின் பிள்ளைகள் கீழே பாடம் படித்தார்கள். கீழே லீவு விட்டால் வாத்தியார் மேலே பாடம் நடத்தினார். குடும்பம் நான்கு பேரும் ஒன்றாக வீட்டிலிருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். நடுவில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் போகவும் முடியாது. பூட்டினால் மறுபடி திறக்க விடமாட்டார்கள் என்று வாத்தியார் பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

ஒரு வருஷம் எல்லாம் கூடி வந்தபோது அர்த்தனாரிக்கு அம்மை போட்டது. இன்னொரு வருஷம் அங்கே தோட்டத்தில் வேலைநிறுத்தம். இப்படியே போய், ஐம்பத்தேழாம் வருஷம் மாசியில் இவர்கள் வந்துபோக அண்ணன் அலைந்து திரிந்து வாங்கிய அனுமதி வந்து சேர்ந்தது. ஆடி பிறப்பதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். அடுத்த வருஷம் இதுவும் கிடைக்குமா என்பது சந்தேகம் என்று அண்ணன் சொல்லியனுப்பியிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை வாத்தியார் கால் கழுவிவிட்டு உள்ளே வந்ததும் பழனாயி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இந்தச் சித்திரையில போயே ஆவணும்."

"எனக்கு லீவு ஐப்பசியில புள்ளே. ஊர் வெச்ச லீவு. நானா மாத்த முடியும்?"

"ஊருகிட்டக் கேட்டுப் பாருங்க."

"கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். கேட்கக் கூச்சம் அவருக்கு. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர்.

அடுத்த சந்தையில் கண்ணாயி தண்ணீர் குடிக்க வந்தபோது பழனாயி மழையைப் பற்றிக் கேட்கவில்லை. நேராகவே விஷயத்தைச் சொன்னாள். கண்ணாயி பலாப்பழத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"சிலோனு எங்கிருக்குது வாத்தியாரம்மா? திருச்சி தாண்டியா?"

"கடலைத் தாண்டி. ஆனா நான் பொறந்த இடம் மலைதான். உங்க மலை மாதிரியே குளிரும்."

"மலையா? அப்ப நம்ம சனந்தான்" என்றாள் கண்ணாயி, கடலை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு. "எங்க ஊர்ல வாத்தியார் கேட்டாலும் ஒண்ணுதான், ராசா கேட்டாலும் ஒண்ணுதான். எல்லாத்துக்கும் எங்க சாமி கருப்பன்கிட்டப் பூக் கேக்கறதுதான் வழக்கம். நீங்களே மேல வாங்க."

அந்த மலையில் ஏறுவது பழனாயிக்கு அதுதான் முதல் தடவை. ஒன்பது வருஷமாகக் கணவர் ஏறி இறங்குகிற பாதை எப்படிப்பட்டது என்பது அன்றைக்குத்தான் அவள் முழங்காலுக்குத் தெரிந்தது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். வாரம் தவறாமல் இதை ஏறுகிற மனிதரிடம் எத்தனை முறை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கருப்பன் கோயில் என்பது மரத்தடியில் ஒரு நெட்டுக்கல். பூசாரியும் ஊர்க்கவுண்டரும் ஒருவரே, காத்தான். ஊர் சனம் சுற்றி நின்றது. வாத்தியார் கொஞ்சம் தள்ளி, தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தன்னைப் பார்ப்பதைப் பார்க்காதவர்போல நின்றார்.

காத்தான் கல்லைக் கழுவி, நனைந்த அரளிப்பூ ஒன்றை அதன் உச்சியில் வைத்தார். "வலது பக்கம் விழுந்தா சரி. இடது பக்கம் விழுந்தா வேண்டாம். விழாம நின்னா பொறுத்திருன்னு அர்த்தம்" என்று பழனாயியிடம் சொல்லிவிட்டு, கல்லைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "பள்ளிக்கூடத்து லீவை ஐப்பசியிலிருந்து சித்திரைக்கு மாத்தலாமா? உன் வாக்கைச் சொல்லு சாமி."

யாரும் மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பூ மெல்ல நழுவி, நின்று, இடது பக்கம் விழுந்தது.

கூட்டத்தில் பெண்கள் சிலர் மூச்சை விட்டார்கள். கண்ணாயியும் விட்டாள், விட்ட உடனே பழனாயியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பழனாயிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. சாமைக்குக் காவல் வேண்டும். அது அவர்கள் வருஷம் முழுதும் தின்கிற சோறு.

காத்தான் தட்டிலிருந்து இன்னொரு பூவை எடுத்து அவளிடம் நீட்டினார். "கேட்டதையே ரெண்டாந்தரம் கேக்கப்படாது அம்மணி. வேற ஏதாவது கேக்கறதுன்னா மனசுல நெனைச்சுக் குடு. வெச்சுப் பாக்கறேன்."

வேறு கேள்வி அவளிடம் இருந்தது. மலையேறி வரும்போது, பாதி வழியில் உட்கார்ந்தாளே, அங்கேதான் அது அவளோடு சேர்ந்துகொண்டது. வாத்தியார் வராவிட்டால் என்ன, நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனால் என்ன? பூவை வாங்கினாள். கல்லைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

பழனாயி பூவைக் காத்தானிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"கேக்கலையா?" என்றார் காத்தான்.

"கேட்டா பதில் வந்துருமுங்களே."

காத்தான் வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தார். "கேக்காததுக்கு எங்க சாமி குறுக்க நிக்காது. போயிட்டு வா."

இறங்கும்போது, ஓடையைத் தாண்டிய பிறகு, வாத்தியார் முன்னால் நடந்தபடியே சொன்னார்.

"கப்பல் ஆடும். தலை சுத்தும்."

"வர்றப்பவே சுத்தலீங்க."

"அப்ப உங்கண்ணன் கூட இருந்தான்."

"இப்ப அக்கரையில காத்திருக்கறானுங்க."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். "ஊர் ஏதாவது சொல்லும், பழனாயி."

"ஒம்பது வருஷமா எம் பொண்ணை மூளிக்காதின்னு சொல்லிச் சலிச்சுப்போயிருக்கும். வேற ஏதாவது சொல்லட்டும்."

வாத்தியாரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "திருச்சி வரைக்கும் வந்து ரயிலேத்தி உடறேன்" என்றார். "திங்கக்கிழமை காலைல பள்ளிக்கூடம் தொறந்திருக்கணும்."

விஷயம் தெரிந்ததும் பாப்பாயி வந்து ஒரு பாட்டம் பேசினாள். தம்பியைப் பேசினாள், பழனாயியைப் பேசினாள், கடலைக்கூடப் பேசினாள். கிளம்புகிற அன்று காலையில் மட்டும் வழிக்கு ஒரு தூக்குப் புளிச்சோறும், சின்னதாக இரண்டு ஜோடி தங்கக் கம்மலும் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தை சீரு. மாமன் சீருக்கு முன்னால நிக்கோணும்" என்று மட்டும் சொன்னாள்.

திருச்சியில் ரயில் நகரும்போது வாத்தியார் கூடவே நாலடி நடந்தார். அம்சவேணி கையை ஆட்டினாள். அர்த்தனாரி தூங்கிவிட்டான். தனுஷ்கோடியில் விடிந்தது. கப்பலில் அர்த்தனாரி வாந்தி எடுத்தான், அம்சவேணிக்கு ஒன்றுமில்லை, பழனாயிக்கும் தலை சுற்றவில்லை. தலைமன்னாரில் இறங்கி, ரயிலேறி, வழியில் ரயில் மாறி, குளிர் காற்று ஜன்னலுக்குள் வரத் தொடங்கியபோதுதான் அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

அட்டன் ஸ்டேஷனில் கருப்பண்ணன் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டு வந்தான். தலை நரைத்திருந்தது. தங்கையைப் பார்த்தான், பிள்ளைகளைப் பார்த்தான், அவர்களுக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தான்.

"மச்சான்?"

"அவருக்குப் பள்ளிக்கூடம் இருக்குதுங்கண்ணா."

காது குத்துகிற அன்று லயத்து வாசலில் கூட்டம். ஒன்பது வயதுப் பெண்ணை மடியில் உட்கார வைத்தபோது அவள் கால் தரையைத் தொட்டது. யாரோ ஒருவர், "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மாப்பிள்ளை மடியிலயே குத்தியிருக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்சவேணி இங்கே வரும்வரை பார்த்தே அறியாத அந்த மாமனின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி முடியை ஒதுக்கினார். அவள் முனகக்கூட இல்லை. முகத்தைச் சுளித்தது கருப்பண்ணன்தான்.

அர்த்தனாரியின் முறையும் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகும் கருப்பண்ணன் மரத்துப்போன காலை நீட்டியபடி அங்கேயே உட்கார்ந்திருந்தான். அம்சவேணி முடியை இறுக்கிப் பின்னி, இரண்டு காதும் தெரியத் தெருவில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள்.

"இவ்வளவு தூரம் ஒத்தையில வந்திருக்கிறியே" என்றான். "யாரைக் கேட்டுக்கிட்டு வந்தே தங்கச்சி?"

"யாரையும் கேக்கலைண்ணா" என்றாள் பழனாயி. கை தானாகக் கொண்டைக்குப் போனது. பூ என்றைக்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. "அது இருக்கட்டும். உன் பிள்ளைகளுக்கு அடுத்த லீவு எப்ப?"