வலப்பக்கம் என்று நான் சொன்னேன்

எங்கள் காருக்குப் பதினேழு வயது. அதில் கிளம்பிய புதுச் சத்தத்தை முதலில் கேட்டது நான் இல்லை, என் மனைவி. சாந்தோமிலிருந்து அடையாறு போய்க்கொண்டிருந்தோம்.

"என் காலுக்குக் கீழ என்னமோ உறுமறது" என்றாள்.

ஏசி காற்று என்றேன். ஏசியை அணைத்தாள். உறுமல் நிற்கவில்லை. சாலை மோசம் என்றேன். பாலத்தின் மேல் வழவழப்பான தார்ச்சாலையிலும் அது உறுமியது.

அடுத்த சில நாட்கள் தனியாக ஓட்டிப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, அறுபதில் பேச்சே கேட்காதபடி ஏறியது. நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக ஓடவிட்டேன். எஞ்சின் அடங்கியது, உறுமல் அடங்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் சாலை வலப்புறம் வளையும் இடத்தில் அது கூடியது. ஆகவே எஞ்சின் இல்லை, ஏதோ ஒரு சக்கரத்தில் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதுவரை சரியாகத்தான் யோசித்தேன்.

எந்தச் சக்கரம் என்பதில்தான் புத்தி கெட்டது. வண்டி வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் பழுது இடப்பக்கம். கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். வளைவில் ஓடும் வண்டியைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்படியும் வலப்பக்கம் என்றுதான் முடிவு கட்டினேன்.

லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டை போகும் வழியில் ஒரு சந்தில் எங்கள் மெக்கானிக்கின் கடை. பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்கள் குடியிருப்பில் பாதிக் கார்கள் அவரிடம்தான் போகும். என் மனைவியும் அன்று கூட வந்திருந்தாள். பாய் மெயின் ரோடு வரை ஒரு தடவை வண்டியை ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

"ரைட்ல ஒடிச்சா சத்தம் ஏறுது. அப்ப லெஃப்ட் முன் சக்கரம் சார்."

"நான் அப்பவே சொன்னேன், என் காலுக்குக் கீழதான்னு" என்றாள் மனைவி.

"அம்மாவை நம்ம கடைக்கு வேலைக்கு எடுத்துக்கலாம் சார்" என்றார் பாய்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தவறு எதுவும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

"வலதுதான் பாய். ஓட்டறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"ஜாக்கி போட்டு ஒரு சுத்து சுத்திப் பாத்துடலாம் சார். சுத்த சொல்லோ ஸ்பிரிங் மேல கைய வெச்சா கை சொல்லிடும்."

"அதுக்கெல்லாம் நேரமில்லை. வலதை மாத்துங்க."

ஓய்வு பெற்றவனுக்கு எதில் நேரமில்லை? பாய் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "உங்க வண்டி, உங்க இஷ்டம். நாளிக்கு வந்து சட்டையப் புடிக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மாலையில், கழற்றிய பேரிங்கை என்னிடம் நீட்டினார். "சுத்திப் பாருங்க சார். வெண்ண மாரி கீது." நான் சுற்றிப் பார்க்கவில்லை. செய்தித்தாளில் சுருட்டி டிக்கியில் போட்டேன்.

மறுநாள் காலை பட்டினப்பாக்கம் வளைவில் அதே உறுமல். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு அத்தோடு விட்டிருப்பேனோ என்னவோ. அன்று மதியம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'சந்து மெக்கானிக் எனக்குப் போலி பேரிங் மாட்டிவிட்டார். எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கவும்.'

எழுதும்போதே அது பொய் என்று தெரியுமா என்று என்னைப் பல முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் சரி. கட்டை விரல்கள் வரிசையாக வந்தன. 'நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் சார்' என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் எழுதினார்.

அடுத்த வாரம் கே.கே. நகரில் வேறொரு கடைக்குப் போனேன். கேட்காமலேயே வண்டியை உயர்த்தி நான்கு சக்கரங்களையும் கையால் சுற்றினார்கள். இடது முன் சக்கரம் மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. வலது சத்தமே இல்லாமல் சுற்றியது.

"இந்தப் பக்கம் புதுசு போட்டிருக்கீங்களே சார், ஒரிஜினல் பார்ட்டு. நல்லாத்தானே இருக்கு?" என்றார் அங்கிருந்தவர்.

இடது பேரிங்கை மாற்றியதும் வண்டி ஊமையாகிவிட்டது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கொத்தமல்லி வாங்க என்று கிளம்புவேன், கால் சந்துப் பக்கம் போகும். முன்பெல்லாம் கடை வாசலில் எங்கள் குடியிருப்பு வண்டிகள் இரண்டு மூன்றாவது நிற்கும். இப்போது ஓர் ஆட்டோ மட்டும். பாய் கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கை தூக்கினார். நான் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பிறகு மந்தைவெளி வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். குழுவில் போட மறுப்பு எழுதுவேன், அனுப்பாமலே அழிப்பேன். மறுபடி எழுதுவேன்.

"எதுக்கு இப்படி எழுந்து எழுந்து உட்கார்றேள்?" என்றாள் மனைவி.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த பீன்ஸைக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட சொன்னேளா?"

"இன்னும் இல்லை."

"அப்போ என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

அப்போதே கிளம்பினேன்.

"சத்தம் போச்சா சார்?" என்றார் பாய்.

"போச்சு."

"லெஃப்டு?"

"ஆமாம்."

தொடையைத் தட்டிச் சிரித்தார். "அம்மாக்கு நம்ம சலாம் சொல்லுங்க."

நீங்கள் போலி மாட்டியதாகக் குழுவில் எழுதியது நான்தான் என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது. பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நீங்களா? யாரோ எய்திட்டாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. மூணாவது மாடி வக்கீலாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். அந்தாளுக்கு ஒரு மாசமா வணக்கம்கூட வெக்கல. உங்க மேல நெனப்பே போவல சார்."

"மன்னிக்கணும் பாய்."

"அத்த எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எங்க எய்தினீங்களோ அங்க எய்துங்க."

அங்கேயே நின்றபடி எழுதினேன். 'மெக்கானிக் மாட்டியது அசல் பேரிங். பழுது இடப்பக்கம் என்று அவரும் என் மனைவியும் சொன்னார்கள். நான் கேட்காமல் வலதை மாற்றச் சொன்னேன். போலி என்று நான் எழுதியது பொய்.' அனுப்பிவிட்டு அவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவின் அடியில் போய்ப் படுத்தார்.

பழைய செய்திக்கு இருபதுக்கு மேல் கட்டை விரல்கள். இதற்கு மூன்று. அதில் ஒன்று என் மனைவியுடையது. அடுத்த செய்தி தண்ணீர் லாரி பற்றி.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் காலையில் காரைக் கொண்டுபோய் அவர் கடை வாசலில், தெருவுக்கு நன்றாகத் தெரியும்படி நிறுத்துகிறேன். அந்த வழியாக நடைப்பயிற்சிக்குப் போகும் எங்கள் குடியிருப்புக்காரர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

போன சனிக்கிழமை பாய் எழுந்து வந்தார்.

"இன்னா சார் கம்ப்ளெய்ன்ட்?"

"காத்து பாக்கணும்."

"போன வாரம்தான பாத்தேன்?"

"எதுக்கும் இன்னொரு தடவை..."

"சார்" என்றார் தணிந்த குரலில். "எதுக்கு வர்றீங்கன்னு தெரியாம இல்ல. ஆனா நீங்க நின்னா வேற வண்டி நிக்க எடம் இல்ல. எடுங்க."

பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்து லஸ் வரை போய், திரும்பி வந்து, சந்து முனையில் எதிர்ப்பக்கமாக நிறுத்தி எட்டிப் பார்த்தேன். ஆட்டோ மட்டும்தான் நின்றது. எங்கள் குடியிருப்பிலிருந்து இன்னும் ஒரு காரும் வரவில்லை.