கட்டையில் சிக்கிய ஸ்பேட் ராஜா

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில், பதினோராவது மாடியில் குணவதி என்று ஒருத்தி இருக்கிறாள். வயது அறுபத்திரண்டு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமயிரை விட மெல்லிய கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தவள். அவள் புருஷன் திருநாவுக்கரசு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாற்பதடிப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி லாரி மேல் வைப்பார். வைத்தது லாரிக்காரனுக்கே தெரியாது, அத்தனை மெதுவாக இறக்குவார். இரண்டு பேருக்கும் கைதான் சோறு போட்டது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கப்பலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கூ என்ற சீனர் ஒருவர் திருநாவுக்கரசுக்கு பிரிட்ஜ் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் வீட்டில் நாலாவது ஆள் குறைந்தது என்று அவர் குணவதியை உட்காரவைத்தார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், முப்பத்தாறு வருஷமாக எழுந்திருக்கவில்லை. காசு வைத்து ஆடுகிற ஆட்டமில்லை அது. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மேல்மாடியில் ஆறு மேசை போட்டு, சனிக்கிழமை சனிக்கிழமை ஆடுவார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. நான்கு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போட, அதில் பெரிய சீட்டுக்காரர் எடுப்பது ஒரு பிடி. ஆடுவதற்கு முன்னால் ஏலம் நடக்கும். நாங்கள் இத்தனை பிடி எடுப்போம் என்று வாயால் சொல்லவேண்டும், சொன்னபடி எடுத்துக் காட்டவேண்டும். ஏலம் எடுத்த கட்சியில் ஒருவர்தான் ஆடுவார். மற்றவர் தன் சீட்டையெல்லாம் மேசையில் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். அவருக்கு டம்மி என்று பெயர். ஆடுகிறவர் தன் கைச்சீட்டைத் தானே போடுவார், டம்மியின் சீட்டை வாயால் கேட்பார். அவர் ராணி என்றால் டம்மி ராணியை எடுத்துப் போடவேண்டும். அது தப்பு என்று கண்ணுக்கு நேரே தெரிந்தாலும் போடவேண்டும். இருமக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது.

குணவதி டம்மியாக இருக்கும்போது புருஷன் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். பெண்டாட்டி கண்ணால் சொல்லிக்கொடுக்கிறாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்று, ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்ட பழக்கம். தலையைக் குனிந்து தன் பதின்மூன்று சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் திருநாவுக்கரசுக்குக் கைநடுக்க வியாதி வந்தது. முதலில் வலக்கை, பிறகு இடக்கையும். சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். வெளியே போவது நின்றது. கோயில் வேண்டாம், கல்யாண வீடு வேண்டாம், இலையில் கை ஆடுவதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள் என்றுவிட்டார். சனிக்கிழமை சீட்டாட்டம் மட்டும் மிஞ்சியது. சீட்டைக் கையில் பிடிக்க முடியாததால், பாலிக் புலாவில் தெரிந்த தச்சர் ஒருவர் நீளமான ஒரு கட்டையில் ஆழமாக ஒரு காடி வெட்டிக்கொடுத்தார். சீட்டை அதில் செருகி முன்னால் வைத்துக்கொள்வார். வாரத்தில் அந்த ஒரு மதியம் அவர் சட்டை மாற்றிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, கிளப்பின் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறுவதைப் பார்த்தால் குணவதிக்கு மிச்ச ஆறு நாளையும் தள்ளிவிடத் தெம்பு வரும்.

மூன்று மாதமாக அவர் ஆட்டம் கெட்டுப்போயிருந்தது. கையில் வைத்திருக்கவேண்டிய சின்னச் சீட்டைப் போட்டுவிடுவார், பெரிய சீட்டால் எடுக்கவேண்டிய பிடியை விட்டுவிடுவார். டாக்டரிடம் கேட்டாள். மூளைக்கு ஒன்றுமில்லை, ஞாபகம் கெட்டியாக இருக்கிறது என்றார் டாக்டர். அவள் நம்பவில்லை. சாயங்காலமானால் சமையலறை மேசையில் சீட்டைப் பரப்பி அவரை உட்காரவைத்தாள். முதல் சீட்டு விழுந்ததும் அவசரப்படாமல் கையில் உள்ள பிடிகளை எண்ணவேண்டும், எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம் திரும்பிப் போக வழியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்தாள். வேடிக்கை என்னவென்றால், வீட்டில் ஒரு பிடி தப்பவில்லை. எல்லாச் சீட்டும் திறந்து கிடக்கும். அவர் சொல்லச் சொல்ல அவள் எடுத்துப் போடுவாள். சொன்னதெல்லாம் சரி. கிளப்புக்குப் போனால் எல்லாம் போச்சு.

அப்படியானால் அக்கறை இல்லை என்றுதானே அர்த்தம்? அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். டாக்சியில் திரும்பி வரும்போதெல்லாம் திட்டினாள். போகப்போக அவர் ஆட்டத்தை நம்பாமல் ஏலத்தையும் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்பது பிடி வருகிற கையில் எட்டோடு நிறுத்துவாள். அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில், தோசையைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

"இன்னிக்கு அம்பதுக்குக் கீழ வந்தா இதோட போதும், குணா."

"என்னங்க பேச்சு இது?"

"உன் ஆட்டத்தையும் சேத்துக் கெடுக்கிறேன். அம்பது. அவ்ளோதான்."

நூற்றுக்கு ஐம்பது என்றால் நடுவாந்திரம். அதற்குக் கீழே போனால் சனிக்கிழமையும் போய்விடும். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை அவர். குணவதி தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்கு நன்றாகத்தான் ஆடினார்கள். சீட்டு அப்படி அமைந்தது, பெரும்பாலும் அவளே ஆடவேண்டி வந்தது. இருபத்து மூன்று ஆட்டம் முடிந்து கடைசி ஒன்று மிச்சமிருந்தபோது, ஆட்டத்தை நடத்துகிற மோகனராஜ் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்ன கணக்கில் அவர்கள் ஐம்பதரையில் இருந்தார்கள். எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஷேக் அலாவுதீனும் ரொஸ்னாவும். அலாவுதீன் பாத்திரக்கடைக்காரர், ரொஸ்னா பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் நல்லவர்கள், ஆட்டத்தில் மட்டும் இரக்கமில்லாதவர்கள்.

திருநாவுக்கரசு ஏலத்தைத் தொடங்கினார். "ஒன் நோ ட்ரம்ப்" என்றார். துருப்புச்சீட்டு இல்லாத ஆட்டம், ஏஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று என்று இறங்கி எண்ணினால் கையில் பன்னிரண்டிலிருந்து பதினான்கு புள்ளி இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். குணவதி கையில் பத்துப் புள்ளி. பத்துக்கு இரண்டு, அதாவது எட்டுப் பிடி, என்று சொல்லி நிறுத்துவதுதான் நியாயம். ஆனால் டைமண்டில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது என்று ஐந்து சீட்டு வரிசையாக நின்றன. போதாததற்கு, காலையில் அவர் சொன்னது காதிலேயே இருந்தது. மூன்று மாதம் நம்பாமல் இருந்ததற்கு இன்றைக்காவது ஈடுகட்டவேண்டும் என்று தோன்றியது.

"த்ரீ நோ ட்ரம்ப்" என்றாள்.

ஒன்பது பிடி எடுக்கவேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பார்த்துப் பல மாதமாகிறது.

அலாவுதீன் ஸ்பேட் ராணியைப் போட்டார். குணவதி தன் சீட்டைத் திறந்து வைத்தாள். ஸ்பேடில் ஏஸும் நான்கும். டைமண்டில் அந்த ஐந்து. மற்றதெல்லாம் குப்பை. சீட்டை வைக்கும்போதே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. டைமண்ட் ஏஸ் எதிரியிடம் இருக்கக்கூடும். அதை வெளியே வரவழைத்த பிறகு மிச்ச டைமண்டை எடுக்க, ஆட்டம் மறுபடி தன் பக்கம் வரவேண்டும். அதற்கு இருக்கிற ஒரே கதவு இந்த ஸ்பேட் ஏஸ். இதை இப்போது செலவு பண்ணக்கூடாது. அவர் கையில் ஸ்பேட் ராஜா இருந்தால் அதனால் முதல் பிடியை எடுத்துக்கொண்டு, ஏஸை இங்கேயே விட்டுவைக்கவேண்டும். போன வாரம் சமையலறை மேசையில் இதே மாதிரி ஒரு கையை அவர் கண்ணை மூடிக்கொண்டு முடித்தார்.

தலையைக் குனிந்து காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. பழக்கத்தை மீறி நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையின் காடிக்குள் ஒரு சீட்டு ஆழமாக அமுங்கிக் கிடந்தது. விரல் அதைத் தொடும், நடுங்கும், வழுக்கும். மறுபடி தொடும். பக்கத்தில் ஒரு சீட்டு வெளியே தூக்கிக்கொண்டு நின்றது. சின்னச் சீட்டுகளெல்லாம் அப்படித் தூக்கி நிற்க, சிலது மட்டும் அடிவரைக்கும் அழுத்தப்பட்டிருந்தன.

அப்போதுதான் அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன், எதிரிகள் ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு சீட்டை எடுக்கப்போய் கூடவே க்ளப் ராணியும் நழுவி எல்லார் கண்ணிலும் பட விழுந்தது. மோகனராஜ் வந்து, சட்டப்படி அதை மேசையிலேயே திறந்து வைத்து, முதல் வாய்ப்பிலேயே போடவேண்டும் என்றார். ராணி வீணாயிற்று. எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து பெரிய சீட்டு விழுந்துவிடக்கூடாது என்று அடிவரை அழுத்தி வைத்திருக்கிறார். அழுத்தினது எடுக்க வரவில்லை. வருகிற சீட்டைப் போட்டிருக்கிறார்.

மூன்று மாதம் அவள் அவர் மூளையைத் திட்டியிருக்கிறாள்.

எழுந்துபோய் ஒரே நொடியில் எடுத்துக் கொடுத்துவிடலாம். மயிரை விட மெல்லிய கம்பியைப் பிடித்த விரல் அவளுடையது. ஆனால் அவள் டம்மி. மேசையில் அலாவுதீன் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார். ரொஸ்னா தன் சீட்டை அடுக்கினார். குணவதி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

கட்டைவிரல் மூன்றாவது தடவையும் வழுக்கியது. திருநாவுக்கரசு மூச்சு விட்டார்.

"ஏஸ்" என்றார்.

அவர் கேட்டாகிவிட்டது. குணவதி தன் கையாலேயே அந்த ஏஸைத் தூக்கி நடுவில் போட்டாள். அவர் தூக்கி நின்ற ஸ்பேட் மூன்றைத் தள்ளிவிட்டார்.

பிறகு என்ன இருக்கிறது? டைமண்ட் ராஜா என்றார். ரொஸ்னா ஏஸை வைத்துக்கொண்டே சின்னது போட்டார். ராணி என்றார். இப்போது ரொஸ்னா எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்பேட் போட்டார். இந்தத் தடவை அவர் விடவில்லை. மேசை முழுக்கக் காத்திருக்க, நகத்தால் நெம்பி நெம்பி ஸ்பேட் ராஜாவை வெளியே எடுத்தார். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ராஜா அவரிடம்தான் இருந்திருக்கிறது. கையில் டைமண்ட் தீர்ந்துபோயிற்று. குணவதி முன்னால் ஜாக்கியும் பத்தும் ஒன்பதும் மூன்று நல்ல பிடிகள், போய் எடுக்க வழியில்லாமல் கிடந்தன. மூன்று பிடி குறைந்தது.

அலாவுதீன்தான் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, மொதப் பிடிய ராஜால எடுத்திருந்தா ஆயிருக்கும்ல?"

"மறந்துட்டேன் லா" என்றார் திருநாவுக்கரசு.

பொய். முப்பத்தாறு வருஷத்தில் அவர் சொல்லி அவள் கேட்ட முதல் பொய். அதை மறுத்துச் சொல்ல அவளால் முடியவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்லவேண்டும்.

நாற்பத்தெட்டு சொச்சம் என்று கணக்கு வந்தது.

அவர் படியிறங்க ஆரம்பித்ததும் குணவதி மோகனராஜிடம் போய்க் கேட்டாள், அவருக்குப் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து அவர் சொல்கிற சீட்டை எடுத்துக் கொடுக்கலாமா என்று. தாராளமாகச் செய்யலாம், நானே ஆள் பார்த்துத் தருகிறேன் என்றார் மோகனராஜ்.

"ஆனா அக்கா, அண்ணன் வந்து கேக்கணும். அவர் கேக்காம நானா ஆள உக்கார வச்சா நல்லாருக்காது."

டாக்சியில் அவள் திட்டவில்லை. பாதி வழி வந்த பிறகு சொன்னாள். "ஒரு வார்த்தை கேட்டா போதுமாம். எடுத்துக் குடுக்க ஆள் தராங்களாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"மறந்துட்டான்னா வயசாச்சுன்னு விட்டுருவாங்க. கை வரலன்னா பாவம்னு பாப்பாங்க. எனக்கு அது வேணாம்."

"நான் தெனம் பாக்கலையா?"

"நீ சட்டை போட்டு விடுறது வேற, குணா."

"என்ன வேறங்க?"

அவர் கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார், ஆடாமல் இருக்க.

அடுத்த சனிக்கிழமை குணவதி பன்னிரண்டரைக்கே சோறு போட்டாள். சேலை மாற்றிக்கொண்டு, அவர் சட்டையை நாற்காலியில் விரித்து வைத்தாள். ஒன்றரை ஆயிற்று. அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். நீ வேறு ஆளோடு போய் ஆடு, கிளப்பில் லோகேஸ்வரி ஜோடியில்லாமல்தானே இருக்கிறாள் என்றார். அவள் போகவில்லை, சட்டையையும் எடுக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. அவள் பிடிவாதம் ஒரு பக்கம், அவர் பிடிவாதம் ஒரு பக்கம். சட்டை நடுவில் நாற்காலியில் கிடந்தது.

அன்று இரண்டு மணிக்குச் சமையலறை மேசையில் சீட்டைப் பரப்பினாள். கேட்டுக்கொள்ளாமலே அந்தக் கடைசிக் கையை அப்படியே அடுக்கினாள். நான்கு பேர் சீட்டும் அவளுக்கு ஞாபகமிருந்தது. அலாவுதீனின் ஸ்பேட் ராணியை அவளே போட்டாள். அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். யோசிக்கக்கூட இல்லை.

"டம்மில நாலு. கையில ராஜா."

அவள் ராஜாவை எடுத்துப் போட்டாள். அடுத்தடுத்து அவர் சொல்ல, அவள் எடுத்து வைக்க, டைமண்ட் ஏஸ் வெளியே வந்தது. காத்திருந்த ஸ்பேட் ஏஸால் உள்ளே போய் மூன்று டைமண்டையும் வரிசையாக எடுத்தார். ஒன்பது பிடியும் வந்தன. பிடிக்கட்டுகளை அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். இரு பக்கமும் இரண்டு நாற்காலி காலியாக இருந்தன.

"ஆச்சுங்க" என்றாள். "இப்ப கெளம்பினாக்கூட ரெண்டாவது சுத்துக்குப் போயிரலாம்."

அவர் நாற்காலியில் கிடந்த சட்டையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பொத்தான் ஐந்தும் அவள் கழற்றி வைத்தபடியே இருந்தன.

"கலைச்சுப் போடு" என்றார்.

அவள் சீட்டைச் சேர்த்து, கலைத்து, மறுபடி போட்டாள்.