தாளப்பெட்டி விழுங்கிய நான்காவது அடி

போன கிழமை மருமகளின் கலியாண வீடியோவுக்கு இசை சேர்க்க, நகரத்தில் கஜனின் ஒலிப்பதிவு அறைக்குப் போயிருந்தேன். கஜனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஏசியைக் கூட்டி என்னை ஐஸில் போட்ட இறாலாக்கிவிட்டு, கொம்பியூட்டரில் ஒரு தாளத்தை ஓடவிட்டான். மூன்று அடி, நான்காவதில் ஒரு வெறுமை, அதற்குள் சற்றுப் பிந்தி ஒரு கைத்தட்டு.

"பழைய கசட்டில இருந்து எடுத்தது அங்கிள். அந்தக் காலத்து டிஜிட்டல் மெசின்ட பிழை. நெட்டில போட்டிருக்கன், இதுக்காகத்தான் தேடி இறக்கிறாங்க. ஒரு மயிரிழையும் மாத்த மாட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கசட்டில் கீபோர்ட் வாசித்தது நான்தான்.

எங்கள் இசைக்குழுவை நடத்திய மாஸ்டர், கொழும்பில் யாரோ கழித்துவிட்ட, ட்ரம்ஸ் அடியைத் தானே போடும் ஜப்பான் தாளப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அளவில் ஒரு சாப்பாட்டுப் பெட்டிதான். அவர் தூக்கி வந்த விதத்தில் சாமி எழுந்தருளுகிறது என்றே நினைத்தோம். செய்த கம்பெனியே மறந்துபோயிருக்கும் சாமான். வாணி விழாவன்று வயலினோடும் புத்தகங்களோடும் அதையும் அடுக்கி, பொட்டு வைத்து, பக்தி முற்றி மஞ்சள்தண்ணீரும் தெளித்தார். சரஸ்வதி உள்ளே இறங்கினாளோ இல்லையோ, தண்ணீர் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பெட்டி நான்காவது அடியை விழுங்கத் தொடங்கியது.

"அது மெசின்ட ஸ்டைல்" என்றார் மாஸ்டர். தெளித்தவர் வேறென்ன சொல்வார்.

பெட்டி வந்ததும் ட்ரம்ஸ் அடித்த செல்வத்துக்கு வேலை போயிற்று. அவன் மண்டூர்க்காரன், படகில் வாவியைக் கடந்து ஒத்திகைக்கு வருவான். மாஸ்டர் முடிவைச் சொன்னபோது என் முகத்தைத்தான் பார்த்தான். நான் வயர் சுற்றுவதில் மும்முரமாக இருந்தேன். வீரம் எனக்கு எப்போதும் கொஞ்சம் மட்டு.

ஆனாலும் அமிர்தகழித் திருவிழாக் கச்சேரிக்கு வந்து மேடையோரம் நின்றான். பெட்டி அடியை விழுங்க, பாடகி தடுமாறினாள். செல்வம் மைக்குக்குக் கிட்ட வந்து அந்த ஓட்டையில் கைதட்டினான். பெட்டி விழுங்கிய பிறகுதான் தட்ட முடியும் என்பதால் ஒரு நூல் பிந்தும். கடைசிப் பாட்டுவரை தட்டினான். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"ஏன்டா தட்டின?" என்று கேட்டேன்.

"பாட்டு விழுந்திரும்தானே மனே. மறுகா என்ன செய்யிற?"

அதன் பிறகு மாஸ்டர் அவனைக் கைதட்ட மட்டும் வைத்துக்கொண்டார். கசட்டுக்கும் அவன்தான் தட்டினான். உறையில் எல்லார் பெயரும் இருந்தது, பெட்டியின் மொடல் இலக்கம் உட்பட. செல்வம் மட்டும் இல்லை. கையெழுத்து அழகென்று அந்த உறையை எழுதத் தந்தது என்னிடம். அவன் பெயரையும் எழுது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செல்வம் இறந்து இரண்டு வருடமாகிறது. அவன் வாசித்த வேறெதுவும் பதிவில் இல்லை.

இதெல்லாம் நினைவுக்கு வர, கஜனின் முன்னால் எனக்கு வெட்கமாகிவிட்டது. "மனே, அது மெசின் இல்ல. செல்வம் எண்டு ஒராள் கையால தட்டினது" என்றேன்.

"மனிசன் பிந்தினதா? நான் மெசின்ட பிழையெண்டுதானே விட்டுவெச்சன்!"

மவுஸை இரண்டு தரம் சொடுக்கினான். கைத்தட்டு நகர்ந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது.

"ஐயோ, விடு மனே."

"பயப்பிடாதீங்க அங்கிள், நெட்டில இரிக்கிறதையும் திருத்திட்டன்."

பெயரை எழுதாமல் விட்டு அவனைப் பாதி அழித்தேன். பெயரைச் சொல்லி மீதியையும் அழித்துவிட்டேன்.