உலக மரத்தில் ஒரு சுண்டுவிரல்

என் வாய்க்குப் பயந்துதான் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சென்னையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரே உருவங்களைச் செய்து தரும் விளையாட்டு அல்ல. ஒவ்வொரு அசைவையும் கையால் வரைய வேண்டும். கதாநாயகி ஒரு எட்டு எடுத்துவைப்பதற்குப் பன்னிரண்டு படம். நான் கொல்லிமலையில் என் வீட்டு அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் போட்ட கோட்டுக்குள் இரண்டு வருடம் வண்ணம் அடித்தேன். அவள் முடிக்கு வண்ணம், கோடாலிக்கு வண்ணம், அவள் வெட்டிச் சாய்க்கும் பனி அரக்கர்களின் தாடிக்கு வண்ணம். ஒரு கோடுகூட என்னுடையது இல்லை. வரையப் படித்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று வரையப் படித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கதை வடக்கே பனி தேசத்துப் பழைய சாமிகளுடையது. அவர்களுக்கு உலகமே ஒரு மரம். உச்சியில் கழுகு, வேரில் பாம்பு. இரண்டுக்கும் நடுவில் ஓர் அணில் மேலும் கீழும் ஓடி, இது அதைத் திட்டியதை அதனிடமும், அது இதைத் திட்டியதை இதனிடமும் சொல்லிக்கொண்டே இருக்கும். இதை முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன். மலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுபது வளைவு ஏறி வந்து சொல்ல எங்கள் பஸ்ஸிலேயே நாலு பேர் உண்டு. வானத்தின் எல்லையில் இன்னொரு பெரிய கழுகும் உண்டு. அது சிறகடிப்பதுதான் உலகத்துக் காற்றெல்லாம். எங்கள் கதாநாயகியின் ஊரில் காற்று நிற்காமல் அடித்து ஊரே அழிகிறது. அவள் ஒன்பது உலகமும் சுற்றி, அரக்கர்களை அடித்து, கடைசியில் அந்த மரத்தின் உச்சிக்கு ஏறி அந்தப் பெரிய கழுகிடம், “போதும், சிறகை மடக்கு” என்று சொல்ல வேண்டும். கழுகையே அதட்டப் போகிறவள் என்பதாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அந்த மரம் ஏறும் பகுதியை வரைந்துகொண்டிருந்தவர் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். குழுவை நடத்துகிற மேடத்துக்கு நான் போன் போட்டேன். இரண்டு வருடமாக அடுத்தவர் கோட்டுக்குள்ளேயே குடியிருக்கிறேன், இதை எனக்குக் கொடுக்காவிட்டால் நாளையிலிருந்து அரக்கன் தாடிக்கு நீங்களே வண்ணம் அடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.  மேடம் நிதானமாகச் சொன்னார். பத்து நாள். சரியாக வந்தால் மரம் என்னுடையது. வராவிட்டால் திரும்பவும் வண்ணம்தான், அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரி என்றேன். 

வெளிநாட்டு மலையேறிகளின் வீடியோக்களைப் பார்த்து, கனமான தோல் பூட்ஸ் போட்ட கதாநாயகியை மூன்று நாளில் மரத்தில் ஏற்றி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது. அவள் ஏறுகிற மாதிரி இல்லை, மரத்தில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறாள் என்று. பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. வீட்டுக்காரர்தான் கிடைப்பார் என்று தேடினால், ஆள் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் பாதி உயரத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மலையில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. பக்கக் கிளைகளைக் கணுவோடு நறுக்காமல் விரல் நீளம் விட்டுவைப்பார்கள். அந்தக் குச்சிதான் படி. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஏணி, ஆனால் வரைகிறவளாக அதை ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் பாதத்தை நேராக வைப்பதே இல்லை. பக்கவாட்டில் திருப்பி மூங்கிலோடு ஒட்டுகிறார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மூங்கில் போய் உட்காருகிறது. அப்புறம்தான் உடம்பு மேலே வருகிறது. திட்ட வந்தவள் அங்கேயே உட்கார்ந்து பாதம் பாதமாக வரைந்தேன். கீழே சிந்தின மிளகைப் பொறுக்கினாலாவது புண்ணியம் என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. காதில் வாங்கவில்லை.

அவருடைய வலது கால் சுண்டுவிரல் மட்டும் தனியாக நிற்கும். சின்ன வயதில் மரவள்ளித் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு தோண்டும்போது மண்வெட்டி பட்டு, ஆறும்போது மேல் நோக்கி ஆறிவிட்டது. மற்ற விரல்கள் எல்லாம் பிடித்த பிறகு, முழுப் பாரமும் இறங்கும்போதுதான் அது கடைசியாக வந்து மூங்கிலில் படியும். அதையும் அப்படியே வரைந்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை பார்த்ததைப் போட்டது.

கதாநாயகி மரத்தடிக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றி வேரின்மேல் வைக்கிறாள், வெறுங்காலோடு ஏறுகிறாள். இப்படி அனுப்பிவைத்தேன். எங்கள் பக்கம் செருப்போடு மரம் ஏறுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மேடத்துக்குச் சம்மதமில்லை. சுற்றிலும் பனி, கால் விறைத்துப்போகும், தவிரவும் அவள் உடுப்பு முடிவாகிவிட்டது, பூட்ஸ் பூட்ஸாகவே இருக்கட்டும் என்றார். பூட்ஸோடு ஏறினால் கால் எங்கே பிடிக்கும் என்று கேட்டேன். பனிக்கட்டியில் அரக்கன் செய்திருக்கிறோம், கால் பிடிப்பதைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்றார். நான் போனைக் கட் செய்துவிட்டேன். நாலு நாள்தான் மிச்சம்.

எங்கள் ஊரில் கால்நடை ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மூன்று வருடமாக இங்கே பணி. மழைக்காலத்தில் தொழுவங்களுக்குப் போவதற்கென்று முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸ் வைத்திருந்தார். வேலை இல்லாத நேரமெல்லாம் வீடியோ கேம் ஆடுகிற மனிதர், அதனால் விஷயத்தைச் சொன்னதும் பூட்ஸைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வேடிக்கை பார்க்கத் தானும் வருவேன் என்று ஒரே ஒரு நிபந்தனை.

வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

“எதுக்குப் புள்ள என்னையக் கோமாளி ஆக்குற?”

“ஏனுங்க, ஒரே ஒருக்கா ஏறுங்க. இல்லீனா இந்த சென்மம் பூரா நான் அடுத்தவிங்க கோட்டுக்குள்ளதான் வண்ணம் அடிக்கோணும்.”

முணுமுணுத்துக்கொண்டே பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவது படியில் ரப்பர் வழுக்கியது. ஒரு பூட்ஸ் குச்சியில் மாட்டித் தொங்க, மனிதர் மட்டும் காப்பிச் செடிக்குள் வந்து உட்கார்ந்தார். பக்கத்துக் காட்டில் மிளகு பறித்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஆய்வாளர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னொரு பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு, வெறுங்காலோடு ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் நின்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். இரண்டையும் நான் போனில் எடுத்துவிட்டேன்.

வீடியோ போகிற அளவுக்கு நெட் கிடைக்கிற பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போய் இரண்டு வீடியோவையும் அனுப்பினேன். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் மேடமே கூப்பிட்டார். பேச முடியாத அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். கழற்றிவிட்டே ஏறட்டும் என்றார். மரம் என்னுடையதாகிவிட்டது. ரோட்டிலேயே நின்று, போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஆட்டைப் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் சென்னையிலிருந்து, என் படத்தில் சுண்டுவிரலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வந்தது. வரைந்ததில் பிசகு, நேராக்கவும் என்று. நேராக்கிப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது யாரோ ஒருத்தர் கால். ‘அந்த விரல் அப்படித்தான். மாற்ற மாட்டேன்’ என்று எழுதினேன். இவளோடு யார் மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டார்கள்போல. விரல் தங்கிவிட்டது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சும்மாவே இருக்க மாட்டார்.

ஐப்பசி மழையில் கேம் வெளியானது. இரண்டாம் நாள் ஆய்வாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் குவார்ட்டர்ஸில் கேமை டிவியில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தார். அரக்கர்களை எல்லாம் அடித்துத் துவைத்த மனிதர் என் மரத்தில் மட்டும் ஏறவும் விழவுமாக இருந்தார். நான் பார்க்கவே பதினோரு தடவை விழுந்தார்.

“என்னக்கா இது, மனுசன் ஏறுத மரமா?” என்றார் பாவம்.

கால் பிடிக்கிற அந்த நொடியில் பட்டனை அழுத்த வேண்டும். முந்தினால் வழுக்கும், பிந்தினாலும் வழுக்கும். நான் வரைந்த படத்தில் பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கேதான் பிடி என்று கம்ப்யூட்டர் வேலை செய்த பையன்கள் வைத்திருந்தார்கள். அந்த நொடி எது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அங்கிருக்கும்போதே மேடத்தின் போன் வந்தது. எல்லா ஊரிலிருந்தும் திட்டுகிறார்களாம், மரத்தில் மாட்டிக்கொண்டு பாதியில் விட்டுவிடுகிறார்களாம். நாளை சாயங்காலம் வெறுங்கால் ஏற்றத்தை எடுத்துவிட்டு, நான் முதலில் அனுப்பிய பூட்ஸ் ஏற்றத்தைப் போடப் போகிறார்கள். அதில் எந்தப் பட்டனை எப்போது அழுத்தினாலும் ஏறிவிடலாம். மன்னித்துக்கொள் என்றார் மேடம்.  இரண்டு வருடமும், பத்து நாளும், என் மரமும் போச்சு என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அப்போது பார்த்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார், முழங்கால் வரைக்கும் சேறு. மாடு காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை, ஆய்வாளரைக் கூப்பிட வந்திருக்கிறார். ஆய்வாளர் இன்னும் ஒரே தடவை என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். வீட்டுக்காரர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவசரப்படறீங்க சார். விரலு இன்னும் பதியல.”

நான் நிமிர்ந்தேன். எந்த விரல் என்று ஆய்வாளர் கேட்டார்.

“சுண்டுவெரலுங்க. அது வந்து படியறதுக்கு முன்னாடி கைய இழுத்தா உழத்தான் செய்யும்.”

ஆய்வாளர் கையிலிருந்த கன்ட்ரோலரை அவரிடம் நீட்டினார். வீட்டுக்காரர் வாழ்நாளில் அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. எந்தப் பட்டன் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நின்ற இடத்திலேயே, சேற்றுக் காலோடு, ஆட ஆரம்பித்தார். கதாநாயகி பூட்ஸைக் கழற்றி வைத்தாள். பாதம் திரும்பியது, கட்டைவிரல் பிடித்தது, சுண்டுவிரல் படிந்தது, அழுத்தினார். மறுபடி பாதம், விரல், அழுத்து. மழை பெய்கிற சத்தமும் பட்டன் சத்தமும்தான் கேட்டது. முதல் கிளையைத் தாண்டினாள். அணிலைத் தாண்டினாள். ஆய்வாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஒரு வழுக்கல்கூட இல்லாமல் அவளை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினார் என் வீட்டுக்காரர். கழுகு சிறகை மடக்கியது, காற்று நின்றது. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எப்படி ஏறினீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். அவர் ஆய்வாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அது எங்காலுதான புள்ள? எங்காலு எப்பப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?”

ஆமாங்க என்றேன். 

உடனே மேடத்துக்குப் போன் போட்டேன், இந்தத் தடவை கத்தாமல் பேசினேன். எதையும் எடுக்க வேண்டாம், மரத்தடியில் ஒரு வரி மட்டும் எழுதிவையுங்கள் என்றேன். மறுநாள் சாயங்காலம் பூட்ஸ் ஏற்றத்துக்குப் பதிலாக அந்த வரிதான் போனது: ‘சுண்டுவிரல் படிந்த பிறகு இழு.’ திட்டியவர்கள் ஒவ்வொருவராக உச்சியிலிருந்து படம் போட ஆரம்பித்தார்கள். எங்கெங்கோ உள்ள ஊர்கள், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். மரம் தங்கிவிட்டது என்று மேடத்திடமிருந்து செய்தி வந்ததும் அதை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினேன்.

அங்கே ஆய்வாளர் மாட்டுக்கு இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நின்றார். மூச்சு வாங்கச் செய்தியைச் சொன்னேன். அவர் குனிந்து, சாணியில் நின்ற தன் வலது காலை, பெண் பார்க்க வந்தவர்போல மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“அப்பறமென்ன, ஊட்டுக்குப் போனதும் அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் தேச்சுவுடு. ஒலகமே பாக்குதாமில்ல?”

வேறு நாளாக இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு வெந்நீர் வைத்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் எடுத்து, அந்த ஒரு விரலுக்கு மட்டும் நிதானமாகத் தேய்த்துவிட்டேன்.