அடுப்பு மூட்டாத வீடு

புருஷனின் உடல் நடுவீட்டில் கிடக்கும்போது ஒருத்தி ஏன் அடுப்பு மூட்டினாள்? அரிப்பு என்கிற ஊரில் றோசம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கும்.

சாவீட்டில் அடக்கம் முடியும்வரை நெருப்பு மூட்டுவதில்லை. அயலட்டைச் சனம்தான் சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கும். சைவக்காரருக்கும் வேதக்காரருக்கும் இதில் வித்தியாசம் இல்லை. புருஷன் பெனடிக்ற் நெஞ்சுவலியில் போன அன்று, சுவாமியார் செபம் சொல்லிக்கொண்டிருக்க, குசினிப் பக்கமிருந்து புகை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் றோசம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு யசிந்தா கையைப் பிடித்து இழுத்தாள்.

"உனக்கென்ன விசரே? சனம் பாக்குது."

"விடடி. ஆரும் பிள்ளையள் வந்து கேட்டால்?" என்றாள் றோசம்மா. துடுப்புக் கரண்டியைக் கையிலிருந்து விடவில்லை.

அன்றைக்கு எந்தப் பிள்ளையும் கஞ்சி கேட்டு வரவில்லை. புருஷன் போனதில் மூளை கலங்கிவிட்டது என்று சனம் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடக்கத்துக்குப் போனது. சனத்தின் தீர்ப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். விளங்காத இடத்தில் ஒரு வியாதியின் பெயரைப் போட்டு மூடிவிடும்.

அதற்குப் பிறகு றோசம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். கோழி கூவ முந்தி அவள் வீட்டு அடுப்பு எரியும். இடியப்பம் முடிந்த பிறகும் தணலை மூடி வைப்பாளே தவிர, தண்ணீர் ஊற்றி அணைக்கமாட்டாள்.

மகள் நிறஞ்சலா மன்னார்த் தீவில், தலைமன்னார்ப் பக்கக் கடற்கரையில், பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெளிநாட்டுக்காரருக்காகத் திறந்த ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தாள். கடைக்குப் பெயர் 'பச்சை'. மீன், இறைச்சி, முட்டை, பால் ஒன்றும் இல்லை. இருக்கிற மரக்கறியும் பழமும் தேங்காயும் நெருப்பைக் கண்டிருக்கக்கூடாது. முதலாளி சுபாஸ் சின்ன வயதிலேயே சுவிசுக்குப் போய் வளர்ந்து திரும்பி வந்தவன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்த நிறஞ்சலா, செருப்பைக் கழற்றமுதலே தொடங்கினாள்.

"அம்மா, வாற சனிக்கிழமை மத்தியானம் உங்களுக்கு எங்கட கடையிலதான் சாப்பாடு. முதலாளி கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்."

"என்ன கறி?"

"கறியொண்டும் இல்லையம்மா. அங்கை அடுப்பே மூட்டுறேல்லை."

"ஐயோ யேசுவே! ஆர் செத்தது?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற யசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வெள்ளைக்காரர் காசு குடுத்துச் சாவீட்டில சாப்பிடுகினமாக்கும். சாவீட்டிலையும் நாங்கள் அவிச்செல்லோடி கொண்டுபோய்க் குடுக்கிறம்!"

"உங்களுக்குப் பகிடி மாமி. அங்கை ஒரு மாங்காய்ச் சம்பலின்ர விலையைக் கேட்டால் மயங்கி விழுவியள்."

யசிந்தா போன பிறகு நிறஞ்சலா தாயின் அருகே குந்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். வன்னியில் சண்டையின் கடைசிக் காலத்தில் அம்மா நெருப்பில்லாமல் அரிசியை ஊறவைத்து இடித்து, தேங்காய்ச் சொட்டும் கொஞ்சம் சீனியும் போட்டுத் தந்ததை அவள் ஒருநாள் சுபாசிடம் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. சிவப்பரிசியில் அதே மாதிரிச் செய்து, தேங்காய்ச் சிரட்டையில் வைத்து, 'றோசம்மாவின் ஊறல்' என்று பெயரும் போட்டுவிட்டான். கொழும்பிலும் ஒரு 'பச்சை' திறக்கப் போகிறார்கள். அதில் பங்கு போடுகிற புருஷன் பெண்சாதி சனிக்கிழமை வருகிறார்கள்.

"நீங்கள் ரெண்டு வசனம் சொன்னால் காணும் அம்மா. அந்தக் கதை அவைக்குப் பிடிச்சால் கொழும்புக் கடைக்கு என்னைத்தான் பொறுப்பாப் போடுவினம். கோப்பை தூக்கி எவ்வளவு காலம் இருக்கிறது?"

"எந்தக் கதை?"

"ஊறல் அரிசி தின்ற கதைதான். எவ்வளவு ருசி தெரியுமே? இப்பவும் நாக்கில நிக்குது."

றோசம்மா இடியப்பத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். மகள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மகளில் பிழை சொல்ல முடியாது. அந்த நாட்களில் அவளுக்குப் பத்து வயது. பசியில் தின்றது ருசித்தது. ருசித்ததை அவள் மறக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் ஒரே சாப்பாட்டை ஒரே பங்கருக்குள் பதுங்கியிருந்து தின்ற இரண்டு பேரிடம் இரண்டு வேறு சாப்பாடுகள் மிஞ்சியிருக்க முடியும். ஒருவர் பட்டது யாருக்குச் சொந்தம்? பட்டவருக்கா, பக்கத்தில் இருந்தவருக்கா, அல்லது அதை அழகாகச் சொல்லத் தெரிந்தவருக்கா?

அரிப்புக்கு வரமுதல் அவர்கள் விடத்தல்தீவில் இருந்தார்கள். சண்டை நெருங்க, மற்றச் சனங்களோடு வன்னிக்குள் போய், இடத்துக்கு இடம் பெயர்ந்து, கடைசியில் கடற்கரை மணலில் வெட்டிய ஒரு பங்கருக்குள் வந்து சேர்ந்தார்கள். புகை எழும்புகிற இடத்தைப் பார்த்துச் செல் குண்டு வருகிறது என்று சனம் பயந்தது. அந்த வரிசையில் இருந்தவர்கள் கூடிப் பேசி, ஒருவரும் அடுப்பு மூட்டுவதில்லை என்று சொல்லிவைத்தார்கள். றோசம்மாவும் தலையாட்டினாள்.

சின்னவன் ஜெனோஜனுக்குக் காய்ச்சல். ஊறல் அரிசியை வாயில் வைத்தால் துப்பினான். "சுடுகஞ்சி தாங்கோ அம்மா" என்று கேட்டான். நெருப்புப்பெட்டி அவள் சட்டைக்குள் இருந்தது. சுள்ளியும் இருந்தது. "நாளைக்குத் தாறன் ராசா" என்றாள். அவன் முகத்தை மணல்மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டான். விடிந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. செல் விழவில்லை, ரத்தமும் இல்லை. கஞ்சி குடித்திருந்தால் பிழைத்திருப்பானா என்பது எந்த டொக்டரும் சொல்லக்கூடியதல்ல. அவன் கேட்டபோது நிறஞ்சலா நித்திரை. பெனடிக்ற் தண்ணீருக்குப் போயிருந்தான். அவன் கஞ்சி கேட்ட குரலைக் கேட்ட காது உலகத்தில் ஒன்றுதான். றோசம்மா அதைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொன்னதில்லை.

சனிக்கிழமை, பெருநாளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

கடை வடிவாகத்தான் இருந்தது. கடல் காற்று உள்ளே வந்து போனது. ஆனால் சாப்பாட்டுக் கடையில் இருக்கவேண்டிய மணம் இல்லை. தாளிதம் இல்லை, புகை இல்லை, சட்டி பானைச் சத்தம் இல்லை. கதிரைகளில் இருந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சாவீட்டு விறாந்தையிலும் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் வெள்ளை வெளேரென்று ஏதோ சுருள் சுருளாக வந்தது.

"இடியப்பம் அம்மா. இளநீர் வழுக்கையைச் சீவிச் செய்தது" என்றாள் நிறஞ்சலா.

றோசம்மா விரலால் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

"அவிக்க மறந்துபோனினமோ?"

சுபாஸ் வாய்விட்டுச் சிரித்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. பக்கத்தில் வந்து குனிந்து நின்று பேசினான்.

"அம்மா, நெருப்பு சாப்பாட்டைக் கொல்லுது. இது உயிருள்ள சாப்பாடு. இதை எங்களுக்குச் சொல்லித் தந்ததே உங்களைப் போல ஆக்கள்தான்."

"நானோ?"

"ஓம் அம்மா. நீங்கள்தான்."

மாங்காய்ச் சம்பல் வந்தது. அதில் உப்பும் உறைப்பும் அளவாக இருந்தன. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. மற்றவை பார்ப்பதற்கு இருந்த அளவுக்குத் தின்பதற்கு இல்லை.

கடைசியாகச் சிரட்டை வந்தது. மினுக்கிய கருஞ்சிரட்டை. உள்ளே இடித்த சிவப்பரிசி, தேங்காய்ச் சொட்டு, மேலே ஏதோ ஒரு பூவிதழ். கூடவே ஒரு சின்ன அட்டை. சுபாஸ் அதை எடுத்து எல்லாருக்கும் கேட்க வாசித்தான். போரின் நடுவில், நெருப்பில்லாமல் தன் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஒரு தாயின் உணவு என்று அதில் எழுதியிருந்தது.

பிள்ளைகளை என்று எழுதியிருந்தது. நிறஞ்சலா அட்டையைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொழும்பிலிருந்து வந்த பெண் தன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். அவளும் தமிழ்தான். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

"நீங்களே சொல்லுங்கோ அம்மா. எத்தினை நாள் இப்பிடிச் சாப்பிட்டீங்கள்? பிள்ளையள் என்ன சொன்னவை?"

றோசம்மா சிரட்டையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். கையில் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற நிறஞ்சலாவின் உதடு "சொல்லுங்கோ" என்று சத்தமில்லாமல் அசைந்தது. இரண்டு வசனம். மகளின் கோப்பை தூக்குகிற வாழ்க்கை அந்த இரண்டு வசனத்தோடு முடியும் என்பது றோசம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை பிள்ளை" என்றாள் அவள்.

"என்னம்மா?"

"பிள்ளைக்கு அப்ப சின்ன வயசு, மாறிச் சொல்லிப்போட்டாள். எங்கட அடுப்பு ஒருநாளும் அணையேல்லை. நான் நேரத்துக்கு நேரம் சுடச்சுடக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தனான்." கொஞ்சம் நிறுத்தி, குரல் உயராமல் சொன்னாள்: "ரெண்டு பிள்ளையளும் குடிச்சவை."

சுபாஸ் அட்டையைக் கவிழ்த்து வைத்தான். கொழும்புப் பெண் நிறஞ்சலாவை ஒருமாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கலக்கம் வற்றிப்போயிருந்தது. யாரோ காலநிலையைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினார்கள்.

றோசம்மா எழும்பவில்லை. பூவிதழை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, சிரட்டையைத் தன் பக்கம் இழுத்து, அத்தனை வருடமும் வாயில் வைக்காத அந்த அரிசியைக் கையால் அள்ளித் தின்னத் தொடங்கினாள். அவசரப்படவில்லை. அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தின்றாள்.

திரும்பும் பஸ் பாலம் தாண்டியது. நிறஞ்சலா யன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏனம்மா இப்பிடிப் பச்சைப் பொய் சொன்னீங்கள்?"

"கடைக்கும் அந்தப் பேர்தானே வைச்சிருக்கினம்."

"பகிடியே விடுறியள்? என்ர வேலையைக் குழப்பிப்போட்டியள். என்னைக் கள்ளி ஆக்கிப்போட்டியள்."

றோசம்மா மடியில் இருந்த கையைப் பார்த்தாள். நகத்தின் ஓரத்தில் சிவப்பு அரிசித் துகள் ஒன்று இருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

கொழும்புக் கடைக்கு வேறு யாரையோ போட்டார்கள். நிறஞ்சலா இன்னமும் 'பச்சை'யில் கோப்பை தூக்குகிறாள். வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் தாயோடு அளந்துதான் பேச்சு. ஒருதரம் மட்டும், தம்பியின் நினைவுப் பூசைக்கு வந்த அன்று, குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் குடிச்சவை எண்டு ஏன் சொன்னீங்கள்? எனக்கு அப்பிடி ஒரு கஞ்சி ஞாபகமில்லையே அம்மா."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வேளை வராது. சொல்லியிருந்தால் மகள் மன்னித்திருக்கவும் கூடும். றோசம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"குடிச்சனி. நீதான் மறந்துபோனாய்" என்றாள். பானையிலிருந்து ஒரு கோப்பை கஞ்சி வார்த்து, ஆவி பறக்க, அவள் கையில் கொடுத்தாள்.